ஊர்ச் செய்தி எப்போது நாட்டுச் செய்தி ஆகிறது? கொள்கைப் பக்கத்துக்குச் செய்தி தேர்வதற்கான முழு வழிகாட்டி

மாலைச் செய்திக் கூட்டத்தில் அடிக்கடி வரும் சண்டை இது. ஏதோ ஒரு சிறு நகரத்தின் மன்றக் கூட்டத்தில் ரகளை என்று நிருபர் செய்தி அனுப்பியிருப்பார். "உள்ளூர்ப் பக்கத்தில் போட்டுவிடலாம்" என்பார் ஒருவர். "நாடு முழுக்க இதுதானே நடக்கிறது, தேசியப் பக்கத்துக்குக் கொண்டுபோவோம்" என்பார் இன்னொருவர். காரணம் கேட்டுப் பாருங்கள். ஊர் எவ்வளவு பெரியது, சத்தம் எவ்வளவு பெரியது என்ற இரண்டைத் தவிர வேறு அளவுகோல் இருவரிடமும் இருக்காது. இரண்டுமே உதவாதவை.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, சொத்து வரி உயர்வைக் கண்டித்து ஒரு நகர்மன்றத்தில் உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்த செய்தி என் கைக்கு வந்தது. முக்கால்வாசியும் யார் மைக்கைப் பிடுங்கினார், யார் தீர்மான நகலைக் கிழித்தார் என்ற விவரம். பக்கத்தில் இடம் போதவில்லை. கடைசிப் பத்தியை வெட்டினேன். அவசரத்தில் எல்லோரும் வெட்டுவது கடைசிப் பத்தியைத்தான். ஆறு வாரம் கழித்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நகரங்களில் அதே போன்ற வரி உயர்வு, அதே போன்ற வெளிநடப்பு. பழைய செய்தியின் மூலப்படியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் வெட்டிய பத்தியில் ஒரு வரி இருந்தது: "வரியை உயர்த்தாவிட்டால் மேலிருந்து வரும் மானியம் நின்றுவிடும் என்று அதிகாரிகள் விளக்கம் அளித்தனர்." செய்தியே அந்த வரிதான். மற்றதெல்லாம் மேசை தட்டிய ஓசை.

இப்படி நிபந்தனையோடு வரும் மானியம் எங்கோ அபூர்வமாக நடப்பதில்லை. இந்தியாவின் 15-ஆவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியம் வேண்டுமானால் மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை அறிவிக்க வேண்டும் என்று எழுத்திலேயே நிபந்தனை வைத்தது. திட்டு வாங்குவது உள்ளூர் உறுப்பினர். நிபந்தனையை எழுதியவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். அந்த நாளிலிருந்து எந்த உள்ளூர்ச் செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது சாவி, அதாவது உண்மையில் முடிவெடுக்கும் அதிகாரம், யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சாவியைத் தேடும் வழிகளே.

படி 1: அரசியலையும் கொள்கையையும் பிரித்து வையுங்கள்

யார் ஜெயித்தார், யார் கட்சி மாறினார், தலைவர் பதவிக்கு யாருக்கும் யாருக்கும் போட்டி என்பவை அரசியல் செய்திகள். எந்த விதி மாறியது, எந்தப் பணம் எங்கே போனது, யாருக்கு எது கிடைத்தது அல்லது கிடைக்காமல் போனது என்பவை கொள்கைச் செய்திகள். ஒரே கூட்டத்திலிருந்து இரண்டும் வரலாம். தேசியக் கொள்கைப் பக்கத்துக்கு முதல் வகை அநேகமாகத் தேவையே இல்லை.

இந்தப் படியில் அதிகம் பேர் சறுக்கும் இடம் உள்ளாட்சித் தேர்தல். நாலு வார்டு முடிவு வந்தவுடன் "தேசிய அரசுக்கு எதிரான தீர்ப்பு" என்று தலைப்பு தயாராகிவிடும். வார்டில் வாக்களித்தவர் சாக்கடைக்காக வாக்களித்திருப்பார், உறவுக்காரருக்காக வாக்களித்திருப்பார், மாற்று வேட்பாளரே இல்லாததால் வாக்களித்திருப்பார். உள்ளூர் முடிவுகளிலிருந்து தேசிய மனநிலையைக் கணிக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்ததும் பிபிசி தேசிய அளவிலான வாக்குப் பங்கு மதிப்பீடு ஒன்றை வெளியிடுகிறது. அதற்குப் பின்னால் கல்வியாளர் குழுவும், தேர்ந்தெடுத்த வார்டுகளில் முந்தைய தேர்தலோடு ஒப்பிடும் கணக்கும் இருக்கின்றன. அந்த உழைப்பு உங்களிடம் இல்லையென்றால் அந்தத் தலைப்பும் உங்களுக்கு இல்லை.

படி 2: பெயர்களை நீக்கி ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

ஊர்ப் பெயர், ஆள் பெயர், கட்சிப் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டு செய்தியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். என்ன மிஞ்சுகிறது?

"தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆகாது" என்பதில் பெயர்களை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. அந்த ஊரில் அது முக்கியமான செய்தியாகவே இருக்கலாம், அங்கேயே இருக்கட்டும்.

கலிபோர்னியாவின் பெல் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 35,500. வசதி குறைந்தவர்கள் நிறைந்த நகரம். 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர்கள் பக்கத்து ஊரான மேவுட்டின் சிக்கல்களை விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் பெல் பக்கம் வாசனை பிடித்தார்கள். அந்நகரத்தின் நிர்வாகி ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 8 லட்சம் டாலர். பகுதிநேரப் பணியான மன்ற உறுப்பினர் பதவிக்கே ஆண்டுக்கு லட்சம் டாலரை நெருங்கிய ஊதியம். முதல் பார்வைக்கு இது ஒரு பேராசைக்காரரின் கதை. பெயர்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். மன்ற உறுப்பினர் ஊதியத்துக்கு மாநிலம் உச்சவரம்பு வைக்கிறது. தனிச் சாசனம் (தன்னை ஆள்வதற்குத் தானே வகுத்துக்கொள்ளும் அடிப்படை விதிகள்) வைத்துக்கொள்ளும் நகரம் அந்த வரம்பிலிருந்து தப்பிக்கலாம். அந்தச் சாசனத்தை 2005-இல் பெல் நகரம் நிறைவேற்றிய தனித் தேர்தலில் பதிவான வாக்குகள் 400-ஐக்கூட எட்டவில்லை. ரிஸோ சிறைக்குப் போனார். ஆனால் அந்த ஓட்டை ரிஸோவுடையது இல்லை, யார் வேண்டுமானாலும் நுழையக்கூடியது. பெயர்கள் போன பிறகும் இவ்வளவு மிஞ்சினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: சாவி யார் கையில்? காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள்

நேரம் முழுவதையும் செலவிட வேண்டிய படி இதுதான். மற்ற படிகளைக் கூட்டம் நடக்கும்போதே மனத்தில் முடித்துவிடலாம். இதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மன்றத் தீர்மானத்தின் முதல் பத்தியைப் பாருங்கள். அதில் "பார்வை" என்று சில கடித எண்களும் ஆணை எண்களும் இருக்கும். நிருபர்கள் அதைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்குவார்கள். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். அந்த எண்கள்தான் படிக்கட்டு. தீர்மானத்திலிருந்து ஆணைக்கு, ஆணையிலிருந்து விதிக்கு, விதியிலிருந்து சட்டத்துக்கு ஏறுங்கள். கூடவே பணம் எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்றும் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியவை மூன்று: மன்றம் இதை விரும்பிச் செய்ததா, செய்ய வைக்கப்பட்டதா? வேறு மாதிரி முடிவெடுக்க அதற்கு அதிகாரம் இருந்ததா? எடுத்த முடிவை யாராவது மேலிருந்து ரத்து செய்ய முடியுமா?

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் இந்தப் படிக்கு முழுப் பாடம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் சிகிச்சையை அந்த நீருக்குச் செய்யவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கரைந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் எந்திர உதிரிபாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் ஆலைக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை மக்கள் மேலும் ஓராண்டு குடித்தார்கள்.

2015 மார்ச்சில் நகர மன்றம் கூடி, டெட்ராய்ட் நீருக்கே திரும்ப வேண்டும் என்று 7-க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. மன்றக் கூட்டத்தை மட்டும் எழுதும் நிருபருக்கு அத்தோடு செய்தி முடிந்தது: "குடிநீர்ப் பிரச்சினை: மன்றம் முடிவு." நடந்தது வேறு. நகரத்தை அப்போது ஆண்டவர் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளர். மன்றத்தின் வாக்கெடுப்பைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்று சொல்லி அவர் அதை ஏற்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் வாக்குக்கு மதிப்பில்லை.

அந்த மேலாளருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? இன்னொரு படி ஏறுங்கள். அவசரகால மேலாளர் சட்டம் ஒன்றை மிச்சிகன் வாக்காளர்கள் 2012 நவம்பரில் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஏறத்தாழ அதே அதிகாரங்களோடு புதிய சட்டம் நிறைவேற்றியது. இன்னொரு பக்கம் குடிநீரில் ஈயத்தின் அளவைக் கண்காணிக்கும் தேசிய விதி. அது 1991-இல் வந்தது. ஆக, ஓர் ஊரின் தண்ணீர்ச் செய்திக்கு உள்ளே மாநிலச் சட்டம் ஒன்றும் தேசிய விதி ஒன்றும் இருந்தன. 2016 ஜனவரியில் அதிபர் ஒபாமா அவசரநிலை அறிவித்த பிறகு உலகமே அங்கே போய் நின்றது. படிக்கட்டில் ஏறியவருக்கு அதற்கு வெகுநாள் முன்பே இது தேசியச் செய்தி என்று தெரிந்திருக்கும்.

ஏறிப் பார்த்து, சாவி மன்றத்தின் கையிலேயே இருக்கிறது என்று தெரிந்தாலும் நல்லதே. உள்ளூர் மன்றம் தன் சொந்த அதிகாரத்தில் செய்த தவறை மேலே தள்ளிவிட வேண்டாம். "எல்லாம் மேலிடத்து உத்தரவு" என்று சொல்லித் தப்பிக்கும் உள்ளூர்த் தலைவருக்கு நாமே குடை பிடித்தது போல ஆகிவிடும்.

படி 4: வேறெங்கே இருக்கிறது?

இதற்குக் கருத்துக்கணிப்பு வேண்டாம், சில தொலைபேசி அழைப்புகள் போதும். ஆனால் ஒன்றைப் போலவே இருக்கும் மூன்று ஊர்களைக் கூப்பிடாதீர்கள். ஒரு பெரிய நகரம், ஒரு சிற்றூர், வேறு கட்சி ஆளும் ஓர் ஊர். மூன்றிலும் அதே பதில் வந்தால் கட்சியும் அளவும் காரணமில்லை என்று ஆகிறது. மூன்றிலும் "அப்படியெல்லாம் இங்கே இல்லையே" என்றால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அதே விதியா, அதே நிதியா, அதே ஒப்பந்தக்காரரா, அதே பொருளா? கடைசியாகச் சொன்னதை யாரும் பொருட்படுத்துவதில்லை. லண்டனில் 24 மாடிக் கிரென்ஃபெல் கட்டடம் 2017 ஜூன் 14 அன்று எரிந்தது; வெளிச்சுவரில் பொருத்தியிருந்த எரியக்கூடிய தகடுகள் வழியே தீ பரவி 72 பேர் இறந்தார்கள். அதற்கு முன் அது ஒரு குடியிருப்புவாசிகள் குழுவுக்கும், உள்ளாட்சிக்காகக் கட்டடத்தைப் பராமரித்த அமைப்புக்கும் இடையிலான தகராறு. பெரிய விபத்து நடந்தால்தான் நிர்வாகம் விழித்துக்கொள்ளும் என்று 2016 நவம்பரிலேயே அந்தக் குழு எழுதியிருந்தது. வாடகைதாரர் புகார் என்று பார்த்தால் உள்ளூர்ச் செய்திகூட ஆகாது. "இந்த வெளிச்சுவர்த் தகடு வேறு எந்தக் கட்டடங்களில் இருக்கிறது? இதற்குச் சான்று கொடுத்தது யார்?" என்று கேட்டிருந்தால் விடை நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கட்டடங்களைக் காட்டியிருக்கும். தீக்குப் பிறகுதான் அந்தக் கணக்கை எடுத்தார்கள். 2018-இல் உயரமான குடியிருப்புகளில் எரியக்கூடிய தகடுகளுக்குத் தடை வந்தது. 2022-இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஓர் எச்சரிக்கை. மூன்று ஊர் கிடைத்தவுடன் "பரவிவரும் போக்கு" என்று எழுதக் கை துடிக்கும். மூன்று ஊரில் நடப்பதற்கு ஒரே காரணம் இருந்தால்தான் அது போக்கு. தனித்தனிக் காரணங்கள் என்றால், அது நீங்கள் தேடிப்பிடித்த மூன்று ஊர்.

படி 5: சத்தத்தைக் கழித்துப் பாருங்கள்

2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் பாரிஷ் மன்ற (நம் ஊராட்சி மன்றம் போன்றது) கூட்டம் உலகம் முழுவதும் ஓடியது. காணொளி வழியே நடந்த கூட்டம். கூட்டத்தை நடத்திய ஜாக்கி வீவரைப் பார்த்து "உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை" என்று ஒருவர் கத்தினார். அவர் அலட்டிக்கொள்ளாமல் அந்த மனிதரையே கூட்டத்திலிருந்து வெளியேற்றினார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

கொள்கைப் பக்கத்துக்கு இதில் என்ன இருக்கிறது? சண்டையில் ஒன்றுமில்லை. ஆனால் உறுப்பினர்கள் ஏன் காணொளியில் கூடினார்கள்? பெருந்தொற்றுக் காலத்துக்காக வந்த தற்காலிக விதி அதை அனுமதித்தது. அந்த விதிக்கு 2021 மே மாதத் தொடக்கத்தில் ஆயுள் முடிய இருந்தது. முடிந்தால் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் எல்லாம் மீண்டும் நேரில்தான் கூட வேண்டும். பராமரிக்கக் குழந்தை உள்ள உறுப்பினர், உடல் இயலாத உறுப்பினர் இவர்கள் என்ன செய்வார்கள்? விவகாரம் நீதிமன்றம் வரை போய், நீட்டிப்பு இல்லாமலே முடிந்தது. உலகமே பார்த்த காணொளியின் உள்ளே, அதிகம் பேர் பார்க்காத ஒரு தேசியச் செய்தி உட்கார்ந்திருந்தது. பரவியது என்பதற்காகத் தேசியப் பக்கத்துக்குக் கொண்டுபோவதும் தவறு, வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவதும் தவறு. "இந்தக் காட்சி நடக்க எந்த விதி அனுமதித்தது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு ஒதுக்குங்கள்.

படி 6: காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

சில செய்திகளில் சாவி இன்றைக்கு உள்ளூரில்தான் இருக்கும். நாளை மேலே போகும். இதைக் கணிப்பது கடினம். ஆனால் தடயங்கள் உண்டு.

ராஜஸ்தானில் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கேட்டது மிகச் சிறிய விஷயம்: எங்கள் ஊர் வேலைக்கான கூலிப் பட்டியலைக் காட்டுங்கள். 1994 டிசம்பரிலிருந்து பொது விசாரணைகள் நடத்தி அந்தப் பட்டியல்களை ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசித்தார்கள். இறந்தவர்கள் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது; வேலையே பார்க்காதவர்கள் பெயர் இருந்தது. பெயருக்குரியவரோ அவருடைய உறவினரோ அங்கேயே எழுந்து இல்லை என்று சொன்னார்கள். அன்றைய கணக்கில் இது ஊராட்சிக் கூலித் தகராறு. ஆனால் அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். கூலியோடு சேர்த்து, ஆவணத்தைப் பார்க்கும் உரிமையையும் கேட்டார்கள். ஊராட்சியால் தர முடியாத ஒன்றை ஊர்க்காரர்கள் கேட்கத் தொடங்கும்போது செய்தி மேலே ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா, 2000-இல் மாநிலச் சட்டம், 2005-இல் தேசிய அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம். முதல் பொது விசாரணையிலிருந்து ஏறத்தாழ பதினோரு ஆண்டுப் பயணம். சட்டம் வந்த நாளில்தான் இதைத் தேசியச் செய்தி என்று கண்டுகொண்டோம் என்றால் நமக்குச் செய்தி தேடும் வேலை எதற்கு?

இன்னொரு தடயம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2014 நவம்பரில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட மக்கள் வாக்கெடுப்பில் முடிவெடுத்தது. வேறு சில நகரங்கள் பின்தொடர்ந்தன. 2018-இல், 2030 முடியும்வரை எந்த நகரமும் புதிதாக இப்படி வரி போடக் கூடாது என்று மாநிலமே சட்டம் போட்டது. உள்ளூர் முடிவைத் தடுக்க மேலிருந்து யாராவது இறங்கி வந்தால் அந்தச் செய்தி உள்ளூர் எல்லையைத் தாண்டிவிட்டது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

படி 7: "ஆம், இல்லை" தவிர வேறு பதில்களும் உண்டு

நான் பயன்படுத்தும் பதில்கள் நான்கு. ஒன்று, உள்ளூரிலேயே இருக்கட்டும். இரண்டு, உள்ளூரில் போடுவோம், ஆனால் தேதி குறித்துவைத்துத் திரும்பிப் பார்ப்போம். மூன்று, தேசியக் கட்டுரை ஒன்றுக்குள் இது ஓர் உதாரணமாகப் போகட்டும். நான்கு, இதுவே தேசியச் செய்தி. சந்தேகம் வந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒரு நோட்டு வேண்டும்: செய்தி, சாவி யார் கையில் இருப்பதாகத் தோன்றியது, அடுத்து எந்த நாள் என்ன நடக்க வேண்டும். தேதி எழுதாத "கவனிப்போம்" என்பது மறந்துவிடுவோம் என்பதற்கு மரியாதையான சொல்.

நான்காவது பதில் வந்தவுடன் செய்தியை அந்த ஊர் நிருபரிடமிருந்து பிடுங்கித் தலைநகரத்து மூத்தவரிடம் கொடுக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள் பிடிபட்டது வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு முதலில் உள்ளூர்க் குற்றச் செய்தி. அது வெள்ளை மாளிகை வரை நீண்ட பிறகும் நகரச் செய்திப் பிரிவு அதைத் தன் கையிலேயே வைத்திருந்தது. நீதிமன்ற வாசலிலும் வீட்டுக் கதவுகளிலும் போய் நிற்கும் பழக்கம் அந்தப் பிரிவுக்குத்தான் இருந்தது. தலைநகரத்துக்காரர் சட்டத்தையும் நிதியையும் பார்க்கட்டும். பெயர் இருவருடையதும் வரட்டும்.

படி 8: எடுத்த பிறகு எழுதும் விதம்

தேசியப் பக்கத்து வாசகருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரண்டாவது பத்திக்குள் சாவியைக் காட்டிவிட வேண்டும். என் பழைய தவற்றை இன்று எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"மானியம் வேண்டுமானால் வரியை உயர்த்துங்கள் என்ற நிபந்தனையால், மன்றங்கள் தாங்கள் எடுக்காத முடிவுக்குக் கைதூக்கி வருகின்றன. கடந்த வாரம் ஒரு நகர்மன்றத்தில் நடந்த வெளிநடப்பு அந்த நிபந்தனையை வெளியே கொண்டுவந்திருக்கிறது."

மைக் பிடுங்கியது? ஆறாவது பத்தியில் அரை வரி, இடம் இருந்தால்.

ஊரைக் குறியீடாக்கிவிடாதீர்கள். அங்கே இருப்பவர்கள் நம் கட்டுரைக்குச் சான்று சொல்லப் பிறந்தவர்கள் இல்லை. அந்த ஊருக்கே உரிய காரணங்கள் சில இருக்கும்: பழைய கடன், மூடிய ஆலை, இரண்டு குடும்பப் பகை. அவற்றை மறைத்துவிட்டால் செய்தி மழமழவென்று இருக்கும். அந்த ஊர்க்காரர் படித்தால் சிரிப்பார். "மற்ற ஊர்களில் இதில் எவ்வளவு பொருந்தும், எவ்வளவு பொருந்தாது" என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். எடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் உங்களை எதிர்த்துப் பேசினாரே அந்தச் சக ஆசிரியர், அந்தப் பத்தியை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டை எங்கே என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அச்சுக்குப் போகும் முன் இன்னொரு வேலை. அந்த ஊர் நிருபரைக் கூப்பிட்டு, இடம் போதாமல் வெட்டிய பத்தி எது என்று சொல்லிவிட்டு, அதில் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். பெரும்பாலும் "ஒன்றுமில்லை சார்" என்பார்கள். சென்ற மாதம் ஒருவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு ஆணை எண் இருந்தது, பரவாயில்லையா?" என்றார். பக்கத்தை நிறுத்தி வைத்தோம்.